வீக்கம் இல்லாத கடி

தர்மபுரியிலிருந்து வரும் பஸ்ஸில் இந்த நேரத்துக்கு உட்கார இடம் கிடைக்காது என்று சொன்னார்கள். கிடைத்தது. அதுவும் ஜன்னலோரம். இண்டூர் தாண்டியதும் நல்ல காற்று வேறு. அதனால் எனக்குக் களைப்பு ஒன்றும் இல்லை, நீங்கள் நிதானமாகக் கேட்கலாம். டீ வேண்டாம். ஏட்டையா வாங்கி வந்த அந்த டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் உங்கள் காகிதம் நனையாமல் இருக்கும்.

நான் வந்தது உங்கள் அறிக்கையில் ஒரு வார்த்தையைத் திருத்துவதற்காக. சவரிமுத்து என்ற விவசாயி இறந்ததைப் பற்றி, "கணினிக் கோளாறு காரணமாகத் தவறான ஆலோசனை" என்று எழுதியிருக்கிறீர்களாம். பேப்பரிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. கோளாறு எதுவும் கிடையாது. அன்று காலை அது பிசிறில்லாமல் வேலை செய்தது. அதை வடிவமைத்த கலைவாணன் நான்தான். கோளாறு என்று எழுதி வைத்தால் நாளைக்கு யாராவது ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்து ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பீர்கள். அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியாது. என்மேல் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், அதன்மேல் எழுதாதீர்கள்.

உங்களுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். கீழே இறங்கி வந்து பேசுவது எனக்குப் பழக்கம்தான். ஒரு வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பென்னாகரத்துக்கு அப்பால் காட்டோரக் கிராமங்களில் பாம்போ தேளோ கடித்தால் ஜனங்களுக்கு முதலில் என்ன செய்வதென்று தெரிவதில்லை. ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நிற்பார்கள். அதற்குள் நேரம் போய்விடும். ஜானகியம்மாள் என்று ஒரு வசதியான அம்மாள், அறக்கட்டளை நடத்துகிறவர், இதற்காக ஒரு போன் எண் ஏற்பாடு செய்தார். அந்த எண்ணில் பேசுவது கணினி. அது கேள்வி கேட்கும், பதிலைக் கேட்டுக்கொள்ளும், வீட்டில் இருந்தால் போதுமா அல்லது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று முடிவு சொல்லும். போக வேண்டும் என்று அது சொன்னால் அறக்கட்டளையின் ஜீப்பும் கிளம்பிவிடும்.

கணினிக்குத் தானாக எதுவும் தெரியாது. உலகத்தில் என்னென்ன இருக்கின்றன, எது எதன் வகை, எது வந்தால் எது வரும், எதோடு எது சேர்ந்து இருக்க முடியாது என்று யாராவது அதற்குச் சொல்லி வைக்க வேண்டும். அந்த அமைப்புக்கு ஆன்டாலஜி என்று பெயர். மேலே ஒரு பெயரும் கீழே கிளை கிளையாகவும் சுவரில் வரைந்து மாட்டியிருந்ததால் ஊர்க்காரர்கள் அதை வம்சாவளி என்றார்கள். மேலே இருப்பதற்கு என்ன குணமோ அது கீழே உள்ள எல்லாவற்றுக்கும் தானாக வந்து சேரும் என்று நான் விளக்கியபோது, "அப்ப சொத்து மாதிரிங்க" என்றார் ஒருவர். அதையும் ஒரு புரிதலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

முதலில் நான் தனியாகவே ஒன்று கட்டி முடித்திருந்தேன். விஷத்தின் தன்மை, அது நரம்பைத் தாக்குமா ரத்தத்தைத் தாக்குமா, எந்தப் பாம்புக்கு எந்த விஷம் என்று ஒழுங்காக, அழகாக. அப்படி ஒன்றை நீங்கள் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜானகியம்மாள் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு கலைவாணன், ஆனா இதை ஜனங்களோட உக்காந்து பண்ணணும்" என்றார். எங்கோ ஒரு மாநாட்டில் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அறிவு என்பது கூட்டாகக் கட்டப்படுவது, அறிந்தவர் எல்லாரும் சமம், ஒருவர் முடிவு முடிவாகாது. அவர் சொல்லச் சொல்ல நான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்த ஊர்ச் சமுதாயக் கூடத்தில் போய்த் தரையில் உட்கார வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்குப் பாத்திரம் அடுக்கி வைக்கிற இடம். ஒரு மூலையில் எப்போதும் சாம்பார் வாடை அடிக்கும். ஒவ்வொரு வகையையும் ஓர் அட்டையில் எழுதித் தரையில் வைப்போம். அந்த அட்டை எந்த அட்டைக்குக் கீழே வர வேண்டும் என்று பேசுவார்கள். சம்மதம் என்றால் அதன்மேல் ஆளுக்கொரு புளியங்கொட்டை வைக்க வேண்டும். எல்லாருடைய கொட்டையும் விழுந்தால்தான் அந்த இடம் உறுதி. ஒருவர் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாலும் அவர் தன் ஆட்சேபணையைச் சொல்ல வேண்டும், எல்லாரும் கேட்க வேண்டும். முதுகலையில் கூட்டு வடிவமைப்பு முறைகள் பற்றி நான் பாடம் நடத்தியவன். அந்த முறைகள் கடைசியில் புளியங்கொட்டையில் வந்து நிற்கும் என்று பாடத்தில் இல்லை.

கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். உங்களுக்கு மூன்று பேர் போதும். அமுதவல்லி, கிராம நர்ஸ். மாரப்பன், ஆடு வளர்ப்பவர், வாய் நீளம். மிக்கேலம்மாள், இறந்த சவரிமுத்துவின் மனைவி.

முதல் கூட்டத்திலேயே என் அமைப்பைக் கலைத்துப் போட்டார்கள். ஆரம்பித்து வைத்தது அமுதவல்லி. "போன் பண்றவங்க பாம்பைப் பாத்திருக்க மாட்டாங்க சார். ஒடம்புல என்னா ஆவுதுன்னுதான் அவங்களால சொல்ல முடியும். கேள்விய அதுலருந்து ஆரம்பிங்க." எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள், ஜானகியம்மாள் கை தட்டினார். அதில் நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. நியாயம் இருந்ததால் அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. இரண்டு வருட உழைப்பைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டினேன். சுருட்டும்போது மாரப்பன் வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உதவி செய்தார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அன்றைக்கே இன்னொன்றும் முடிவாயிற்று. போன் எண்ணோடு வரும் இணையப் பக்கத்தின் முகப்பில் கூட்டத்தார் எல்லாருடைய பெயரும் இருக்க வேண்டும். என் பெயரை நான் முறைப்படி எழுதிக் கொடுத்திருந்தேன். மாரப்பன் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "முனைவர்னா டாக்டருங்களா? வேணாம் சார், ஊசி போடுவாருன்னு நெனச்சு வந்து நிப்பாங்க" என்றார். கூடமே சிரித்தது. யாருக்கும் பட்டம் வேண்டாம், வெறும் பெயர் போதும் என்று கொட்டை வைத்தார்கள். நானும் வைத்தேன். வேறு என்ன செய்ய முடியும்.

கூட்டம் முடிவெடுக்காமல் ஒரு எழுத்துக்கூட மாறக் கூடாது என்ற விதியும் அன்று வந்ததுதான். அதை எனக்காகவே கொண்டுவந்தார்கள் என்று நினைக்கிறேன். என் கையில்தான் சாவி இருந்தது, நான் ராத்திரியோடு ராத்திரியாக என் பழைய அமைப்பைத் திரும்ப உள்ளே வைத்துவிடுவேனோ என்று பயம். வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைத்தான் நான் காப்பாற்றினேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனி மிக்கேலம்மாள் விஷயம்.

அன்று தரையில் இருந்த அட்டை, "வீக்கம் இல்லாத கடி." அது விஷக்கடிக்குக் கீழே வருமா, விஷமற்ற கடிக்குக் கீழே வருமா என்பது கேள்வி. உங்களுக்கே தெரிந்திருக்கும், கட்டுவிரியன் கடித்தால் வீங்காது. பெரும்பாலும் வலிக்காது. பல் பட்ட இடம்கூடத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து வயிறு வலிக்கும், இமை தானாகச் சரியும், நாக்கு குழறும், பிறகு மூச்சு நிற்கும். என் அமைப்பில் அது தெளிவாக இருந்தது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஏறக்குறைய அத்தனை பேருக்கும்கூட அது தெரியும், காட்டோரம் வாழ்கிறவர்கள். ஆனால் முதலில் பேசியது மிக்கேலம்மாள்.

"வீங்கலன்னா விஷம் இல்லீங்க சார். எங்க பொண்ணு பிளசிக்கும் காலுல ஒரு எறும்புக் கடிதான் இருந்துச்சு, தடிக்கக்கூட இல்ல. அதுக்கும் அவ போனதுக்கும் சம்பந்தமில்லீங்க. அவளுக்கு வலிப்பு வந்துடுச்சு."

சொல்லிவிட்டு அந்த அம்மாள் அட்டையை எடுத்து விஷமற்ற கடிக்குக் கீழே வைத்து, தன் கொட்டையை அதன்மேல் வைத்தார். மாரப்பன்கூட வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து கொட்டை வைத்தார்கள். அமுதவல்லி கடைசியாக வைத்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு அப்போதே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கேட்காமலே விவரம் வந்தது. அன்று சாயங்காலம் நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது அமுதவல்லியும் சவரிமுத்துவும் வந்தார்கள். சவரிமுத்து ஒல்லியான மனிதர், சட்டையை அப்போதுதான் மாட்டிக்கொண்டு வந்தது போல் பித்தான் மாறிப் போட்டிருந்தார்.

"அவளுக்குத் தெரியாதுங்க சார்" என்றார். "டாக்டரு எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு, கட்டுவிரியன்னு. கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழச்சிருக்கும்னாரு. அவதான் அன்னிக்கு வெத்தலையும் மொளகும் குடுத்து, ஒண்ணுமில்ல கண்ணு தூங்குன்னு படுக்க வச்சா. தெரிஞ்சா தாங்க மாட்டா சார். நான்தான் ஊர்ல எல்லாரையும் கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டுக்கிட்டேன், வலிப்புன்னே சொல்லுங்கன்னு."

ஓர் ஊரே சேர்ந்து ஒரு பொய்யை வளர்த்துக்கொண்டிருந்தது. யார் வீட்டுத் திண்டாட்டத்திலும் மூக்கை நுழைக்கிற ஜனம், இந்த ஒன்றில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. குழந்தை போன வீட்டில் எதிர்த்துப் பேசக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. அந்த மரியாதையைக் கொண்டுவந்து என் ஆன்டாலஜியில் வைத்துவிட்டார்கள்.

"நாங்க அக்கா முன்னாடி சொல்ல முடியாதுங்க சார்" என்றார் அமுதவல்லி. "நீங்களே உள்ள மாத்திடுங்க. நாங்க யாரும் கேக்க மாட்டோம்."

நான் மிகவும் பொறுமையாகச் சொன்னேன். கூட்டம் வைத்ததைக் கூட்டம்தான் எடுக்க வேண்டும். இது நான் போட்ட விதி இல்லை. அடுத்த சனிக்கிழமை ஆட்சேபணையைச் சொல்லுங்கள், கொட்டையை எடுங்கள், நான் மாற்றுகிறேன். சவரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கை பிசுபிசுவென்றிருந்தது. பஸ் வந்துவிட்டது.

அடுத்த வாரம் மிக்கேலம்மாளை வரவிடாமல் செய்ய ஏதோ ஏற்பாடு பண்ணினார்கள் போலிருக்கிறது. பலிக்கவில்லை. அந்த அம்மாள் ஒரு கூட்டம்கூட விட்டதில்லை. தன் மகளைப் பற்றி ஒருவர் கேட்டு, அதை எழுதி, அட்டையாக வைத்தது அந்த இடத்தில்தான். தூக்குப்போசி நிறைய கடலைக்காய் வேகவைத்துக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒரு கை கொடுத்தார். நான் சாப்பிடவில்லை.

நான் முறைப்படி கேட்டேன். சென்ற வார முடிவுகளில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா? அமுதவல்லியைப் பார்த்தேன், மாரப்பனைப் பார்த்தேன். கடலைத் தோல் உரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு முறையும் கேட்டேன். ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது, எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. என் உழைப்பைக் கை தட்டிக் கலைத்தவர்கள், தங்கள் உயிர் போகிற விஷயத்தில் வாய் திறக்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அமுதவல்லி விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு மூளை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மிக்கேலம்மாளின் அட்டையைத் தொடாமலே ஒரு சுற்று வழி கண்டுபிடித்தார். "கண் இமை தானாகச் சொருகுதல்" என்று புதிதாக ஓர் அட்டை எழுதி, அதை விஷக்கடிக்குக் கீழே வைத்தார். வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டுவிரியன் கடித்தவனை இந்தக் கிளையாவது பிடித்துக்கொள்ளும் என்று கணக்கு. எல்லாரும் புரிந்துகொண்டு பாய்ந்து வந்து கொட்டை வைத்தார்கள். மிக்கேலம்மாளும் வைத்தார்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால் சவரிமுத்து இன்றைக்குக் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அது முரண். ஒரு கடி, வீக்கம் இல்லாததால் விஷமற்றது. அதே கடி, இமை சொருகுவதால் விஷமுள்ளது. விஷமுள்ளதும் விஷமற்றதும் ஒன்றாக இருக்க முடியாது என்று கூட்டமே முதல் மாதம் முடிவு செய்திருந்தது. முரணை வைத்துக்கொண்டு கணினி யோசிக்காது. வேறொருவன் என்றால், இரண்டும் மோதும் இடத்தில் ஆபத்துப் பக்கமே சாய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருப்பான். எனக்கும் அது தெரியும். நான் அந்த வரியைச் சொல்லவில்லை. விளக்கினேன். ஒன்று, வீக்கம் இல்லாத கடியின் இடத்தை மாற்ற வேண்டும். அல்லது, இமை சொருகும் அட்டையை வலிப்பு, மயக்கம் என்ற கிளைக்கு அனுப்ப வேண்டும், அங்கே போனால் வீட்டில் ஓய்வு என்றுதான் முடிவு வரும்.

சொல்லிவிட்டு மிக்கேலம்மாள் பக்கம் திரும்பி, "அம்மா, உங்கள் அட்டையை எடுத்துவிடலாமா?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் கையிலிருந்த கடலையைப் போசியில் போட்டார். "எடுத்தா என்னங்க சார் அர்த்தம்?"

நல்ல கேள்வி. அந்தக் கூடத்தில் அத்தனை மாதத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி. பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மாரப்பன் எழுந்துவிட்டார். "வேணாம் வேணாம், அது அங்கயே இருக்கட்டும். நர்ஸம்மா அட்டையத் தள்ளி வைங்க சார், ஒண்ணும் கொறைஞ்சி போவாது" என்று அவரே குனிந்து அட்டையை எடுத்து வலிப்புக் கிளையில் வைத்தார். எல்லாரும் கொட்டையை அங்கே மாற்றினார்கள். அமுதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனவர், திரும்ப வந்து தன் கொட்டையையும் வைத்தார். இதுதான் கூட்டறிவு. நான் அதை அப்படியே ஏற்றினேன்.

அவர்கள் ஜானகியம்மாளிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனார்கள். அவர் அப்போது வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தார். எனக்குப் போன் செய்து, "என்னமோ ஒரு அட்டை தப்பா இருக்காமே, சரி பண்ணிடுங்க கலைவாணன்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எண் நடைமுறைக்கு வருவதற்கு முந்தின நாள் அமுதவல்லி கடைசியாக ஒருமுறை தர்மபுரிக்கே என்னைத் தேடி வந்தார். நின்றுகொண்டே கெஞ்சினார். உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவரிடமும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாற்றிவிடுவேன் என்று அவர் எடுத்துக்கொண்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். ஊரில் எல்லாரிடமும் சார் சரி பண்ணிட்டாரு என்று சொல்லியிருக்கிறார். நான் பொய் சொல்லவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தொடங்கிய புதிதில் வரும் அழைப்புகளை நான் அறக்கட்டளை அலுவலகத்திலேயே தங்கிக் காதில் மாட்டிக் கேட்டேன். குறுக்கே புகுந்து நானே பேச ஒரு பொத்தான் உண்டு. மேஜையில், வலது கைப் பக்கம்.

அன்று விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. டிரைவர் வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். மிக்கேலம்மாள் குரலை முதல் வார்த்தையிலேயே அடையாளம் தெரிந்தது. வூட்டுக்காரரு கடலைக் காட்டுல காவலுக்குப் படுத்துனு இருந்தாரு, விடிகாலம் எழுந்து வந்தவரு கையில என்னமோ கடிச்ச மாதிரி இருந்துச்சுன்னாரு, வயிறு வலிக்குதுன்னு சுருண்டுட்டாரு. கணினி அழகாகக் கேட்டது. கடித்த இடத்தில் வீக்கம் இருக்கிறதா?

"இல்லீங்க. வீங்கவே இல்லீங்க." அந்தக் குரலில் ஒரு நிம்மதி.

கண் இமைகள் தானாக மூடுகின்றனவா?

"ஆமாங்க, தூக்கம் மாதிரி சொருவுது. பேச்சு கொழறுது. என்னமோ சொல்றாரு, எனக்கு வெளங்கலீங்க."

பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. நாக்கு தடித்துப்போன குரல், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப. தனக்கு நேர்ந்தது என்ன என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வார்த்தை எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரி.

கணினி ஒரு கணம் யோசித்தது. வீக்கம் இல்லை, ஆகவே விஷமற்ற கடி. இமை சொருகல், ஆகவே வலிப்பு சார்ந்த மயக்கம். ஒவ்வொரு கிளையாக இறங்கி, கூட்டம் வைத்த ஒவ்வொரு கொட்டையையும் மதித்து, சரியான இடத்தில் வந்து நின்றது. பயப்பட வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஓய்வு கொடுங்கள் என்றது. ஒரு வடிவமைப்பாளனுக்கு அதைவிட என்ன வேண்டும்? "ரொம்ப நன்றிங்க" என்று அந்த அம்மாள் கணினியிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். நான் ஹெட்போனைக் கழற்றினேன். டிரைவர் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பென்னாகரம் ஆஸ்பத்திரியில் மருந்து இருந்தது, முந்தின நாள்தான் நானே விசாரித்திருந்தேன். டிபன் சாப்பிடப் போனேன்.

எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது. சவரிமுத்து நல்ல மனிதர். அவர்தான் என்றில்லை, யாராக இருந்தாலும் சரிதான். இந்த முறை தவறு என்று எத்தனை வாதம் வைத்தாலும் ஜானகியம்மாள் கேட்க மாட்டார், அவருக்கு ஒரு சம்பவம் தேவைப்பட்டது. கொட்டை வைத்தவர்களுக்கும் தேவைப்பட்டது. வரும் என்று காத்திருந்தேன். அது அவர் வீட்டிலேயே வந்தது தற்செயல்தான், கச்சிதமாகவும் இருந்தது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மாதா கோயில் வாசலில் மிக்கேலம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "நீங்க வச்சது நல்லாத்தான் சார் பதில் சொல்லிச்சு. எங்க தலையெழுத்து" என்றார். அமுதவல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, சாகிற முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் நன்றாகத்தான் சொன்னது, ஆனால் காரணம் தெரியாமல் ஒருவர் அதைப் பாராட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் சொன்னேன். உங்கள் கணவரைக் கடித்தது கட்டுவிரியன், உங்கள் மகளைக் கடித்ததும் அதுதான், ஊருக்கே தெரியும் அம்மா, உங்களுக்குத்தான் தெரியாது. அந்த அம்மாள் அழவில்லை. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரும் நிமிரவில்லை. பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இப்போது யாரிடமும் பேசுவதில்லை, சாப்பிடுவதும் இல்லை என்கிறார்கள். அந்தக் கணவன் மனைவியிடமிருந்து மறைக்க அத்தனை பாடுபட்ட விஷயத்தைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆகவே நீங்கள் எழுத வேண்டியது இது. கணினியில் கோளாறு இல்லை. அது என்ன சொல்லும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அது சொன்னால் ஆள் சாவான் என்றும் தெரியும். தடுக்கப் பொத்தான் என் கைப்பக்கம் இருந்தது, நான் தொடவில்லை. சவரிமுத்துவை நான்தான் கொன்றேன். கொட்டை வைத்தவர்கள் எல்லாரும் சேர்ந்து கொன்றார்கள் என்று எழுதினாலும் தவறில்லை, ஆனால் அவர்களை எழுத உங்கள் காகிதம் போதாது. என்னைப் பொறுத்தவரை நான் விதியை மீறவில்லை. கூட்டத்தைக் கேட்காமல் எதையும் மாற்றக் கூடாது என்றார்கள், மாற்றவில்லை. ஒரு உயிரே கேட்டும் மாற்றவில்லை.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், எதையும் மறைத்தேன் என்று இருக்க வேண்டாம். கூட்டத்தைக் கேட்காமல் ஓர் எழுத்துக்கூட நீங்களாக மாற்றியதே இல்லையா என்று கேட்டீர்கள். ஒரே ஒரு தடவை. அமுதவல்லி கெஞ்சிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாரே, அன்றைக்கு. உள்ளே போக ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. வீக்கம் இல்லாத கடி அங்கேயே திரையில் தெரிந்தது. அதைத் தாண்டி முகப்புக்குப் போய், என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று சேர்த்தேன்.